அரிசிப் பவுடரும் வெறுங்காலும்: மாரியோ ஃபில்யோவை வாசித்தல்

2014 ஜூலை. கல்லூரி விடுதியின் டிவி அறை. உலகக் கோப்பை இறுதிப் போட்டி, நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. அறையில் நாற்பது பேர், ஓடுகிற மின்விசிறி ஒன்றே ஒன்று. முக்கால்வாசிப் பேர் மெஸ்ஸிக்காக வந்தவர்கள். 113வது நிமிடத்தில் கோட்ஸே கோல் அடித்த பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. ஒருத்தன் மட்டும் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் குறைத்தான், அதனால் ஏதோ மாறிவிடும் என்பதுபோல.

அந்த மைதானத்தை எல்லாரும் மரக்கானா என்றுதான் சொல்கிறோம். மரக்கானா என்பது ஒரு கிளி இனத்தின் பெயர். கிளியின் பெயரில் ஒரு சிற்றாறு, ஆற்றின் பெயரில் ஒரு பேட்டை, பேட்டையின் பெயரில் மைதானம். ஆனால் அதிகாரப்பூர்வப் பெயர் வேறு. ‘எஸ்தாஜியோ ஜோர்னலிஸ்தா மாரியோ ஃபில்யோ’, அதாவது பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ மைதானம். பெலே, கரிஞ்சா எல்லாம் ஆடிய ஊரில் மைதானத்துக்குப் பத்திரிகைக்காரர் பெயர். “நிருபர் பேர்ல மைதானமாடா?” என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். “ஆளு ஓனரா இருந்திருப்பான்” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் சொன்னது பாதி சரி என்று பின்னால் தெரிந்தது.

அந்த ஆளின் முக்கியமான புத்தகம் எனக்குக் கிடைக்க ஏழு வருஷம் ஆனது. 1947ல் போர்ச்சுக்கீஸில் வந்த ‘பிரேசில் கால்பந்தில் கறுப்பர்’ 2021ல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. எழுபத்து நான்கு ஆண்டுகள். அதற்குள் நான் ஒரு தினசரியின் விளையாட்டுப் பக்கத்தில் சேர்ந்து, இரண்டு வருஷம் வேலை பார்த்து, வெளியேயும் வந்திருந்தேன். வெளியே வந்ததற்குப் பல காரணங்கள். அதில் ஒன்றை இந்தக் கட்டுரையில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாமல் மாரியோ ஃபில்யோவைப் பற்றித் தீர்ப்பு எழுதினால் அது நியாயமாக இருக்காது.

*

ஃபில்யோ என்றால் போர்ச்சுக்கீஸில் மகன். முழுப்பெயர் மாரியோ ரோட்ரிகஸ் ஃபில்யோ, அதாவது மாரியோ ரோட்ரிகஸின் மகன் மாரியோ. மைதானத்தின் பெயர்ப்பலகையிலேயே ஒரு அப்பா ஒளிந்திருக்கிறார். அந்த அப்பாவில் தொடங்காமல் மகனைப் புரிந்துகொள்ள முடியாது.

1908ல் வடகிழக்குப் பிரேசிலின் ரெசிஃபே நகரில் பிறந்தவர் மாரியோ. குடும்பம் பெரியது. நான்கு வருஷம் கழித்துப் பிறந்த தம்பி நெல்சன் ரோட்ரிகஸ், பிற்காலத்தில் பிரேசில் நாடக உலகையே புரட்டிப்போட்டவர். அப்பா ரியோவுக்கு வந்து பத்திரிகை நடத்தினார். முதலில் ‘அ மன்யா’, அது கைவிட்டுப் போனபின் 1928ல் ‘க்ரிட்டிகா’. அரசியல் தாக்குதல், கொலைச் செய்தி, அடுத்த வீட்டு அந்தரங்கம். க்ரிட்டிகா விற்றது இவற்றால்தான். பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் வேலை. இன்னொரு மகன் ரொபெர்த்தோ ஓவியர். செய்திகளுக்குப் படம் வரைவார்.

1929 டிசம்பர் 26. சில்வியா செராஃபிம் என்ற எழுத்தாளர் கணவரைப் பிரிவதை க்ரிட்டிகா முதல் பக்கத்தில் அம்பலமாக்கியது. அவர் அன்றே பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து பெரியவர் மாரியோ ரோட்ரிகஸைக் கேட்டார். பெரியவர் இல்லை. ரொபெர்த்தோ பேச வந்தார். கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவரைச் சுட்டார் சில்வியா. நெல்சனுக்கு அப்போது பதினேழு வயது. அதே அலுவலகத்தில் இருந்தார். மூன்று நாளில் ரொபெர்த்தோ இறந்தார். அடுத்த மார்ச்சில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்; தனக்கு வந்த குண்டை மகன் வாங்கிக்கொண்டான் என்ற துக்கம் அவரைத் தின்றுவிட்டது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. சில்வியாவை நீதிமன்றம் விடுவித்தது. 1930 அக்டோபரில் வர்காஸ் ஆட்சியைப் பிடித்தபோது, கூட்டம் புகுந்து க்ரிட்டிகா அச்சகத்தை நொறுக்கியது. ஒரு வருஷத்துக்குள் அண்ணன் தம்பிகளுக்கு அப்பா இல்லை, பத்திரிகை இல்லை, கையில் காசும் இல்லை.

இதைச் சோகக்கதைக்காகச் சொல்லவில்லை. எழுத்தால் ஒரு மனுஷியை நடுத்தெருவில் நிறுத்த முடியும், அந்த எழுத்து துப்பாக்கியோடு திரும்பி வரவும் முடியும் என்று இருபத்தோரு வயதிலேயே வீட்டுக்குள் பார்த்தவர் மாரியோ. அந்த வயதில் அவர் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் கடைசிவரை அதை விட்டுப் போகவில்லை.

*

அவருக்கு முன்னால் ரியோவின் கால்பந்துச் செய்தி கோட்டு போட்டுக்கொண்டு வந்தது. ஆட்டம் இங்கிலாந்திலிருந்து வந்ததால் கலைச்சொல் எல்லாம் ஆங்கிலம். கிளப்புகள் மேட்டுக்குடியின் கிளப்புகள், எனவே செய்தியும் சமூக நிகழ்ச்சிக் குறிப்பு மாதிரி இருந்தது. மாரியோ இதைத் தெருவுக்கு இறக்கினார். ஆட்டக்காரனைக் கூட்டம் எந்தப் பட்டப்பெயரில் கூப்பிட்டதோ அதே பெயரில் எழுதினார். கோல் எப்படி விழுந்தது என்பதோடு, கோல் விட்டவன் அன்று ராத்திரி எங்கே போனான், என்ன சாப்பிட்டான், வீட்டில் என்ன சண்டை என்பதும் செய்தியாயிற்று. அப்பாவின் பத்திரிகையில் குற்றச்செய்திக்கு இருந்த நாவல்தன்மையை எடுத்து ஆட்டக்காரனுக்குக் கொடுத்தார். விஷத்தை மட்டும் விட்டுவிட்டார்.

1931ல் ‘முந்தோ எஸ்போர்தீவோ’ என்று விளையாட்டுக்கே ஒரு பத்திரிகை தொடங்கினார். கால்பந்துப் பருவம் முடிந்ததும் எழுத ஒன்றுமில்லை. என்ன செய்வது? 1932 கார்னிவலில் பிராசா ஒன்ஸே சதுக்கத்தில் சாம்பாப் பள்ளிகளுக்கு ஒரு போட்டி வைத்தது அந்தப் பத்திரிகை. மங்கேய்ரா ஜெயித்தது. இன்று உலகமே டிவியில் பார்க்கும் ரியோ சாம்பா அணிவகுப்புப் போட்டி தொடங்கிய இடம், செய்தி கிடைக்காத ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் பக்கம். அந்தப் பத்திரிகை அதிக நாள் நீடிக்கவில்லை. பிறகு ‘ஓ குளோபோ’. 1936ல் ‘ஜோர்னல் டோஸ் ஸ்போர்ட்ஸ்’ இதழை வாங்கினார். இளஞ்சிவப்புத் தாளில் வந்த தினசரி.

ஃப்ளமெங்கோவும் ஃப்ளுமினென்ஸும் மோதும் ஆட்டத்துக்கு ‘ஃப்ளா-ஃப்ளூ’ என்ற பெயரை ஊர்வாயில் நிலைக்க வைத்தவர் அவர்தான். இரு பக்க ரசிகர்களில் யார் நன்றாகக் கொண்டாடுகிறார்கள் என்று போட்டி வைத்தது அவர் பத்திரிகை. கொடி, வாத்தியம், காகிதத் துணுக்கு எல்லாம் வந்தன. அண்ணனை மக்கள் கூட்டத்தைப் படைத்தவர் என்றே நெல்சன் சொல்வார். தம்பியின் வழக்கமான மிகையில்லை இது, கிட்டத்தட்ட நேர்ச்செய்தி.

கூட்டம் உருவாயிற்று. அதை எங்கே உட்கார வைப்பது? 1950 உலகக் கோப்பை பிரேசிலுக்கு என்று முடிவானபோது, நகரத்தின் நடுவே பழைய குதிரைப்பந்தயத் திடலில் மைதானம் கட்டவேண்டும் என்று மாரியோ பத்திரிகையில் இயக்கமே நடத்தினார். நகரசபை உறுப்பினராக இருந்த கார்லோஸ் லசெர்தா எதிர்த்தார். கட்டுவதானால் தொலைவில், ஜகரேபாகுவாவில் கட்டுங்கள் என்றார். மேயர் மென்டெஸ் டி மொராயிஸ் மாரியோ பக்கம். 1948ல் வேலை தொடங்கி, 1950 ஜூனில் மைதானம் திறந்தது. மாரியோ 1966 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்தபிறகு அவர் பெயரை வைத்தார்கள்.

இந்த இடத்தில் என் விடுதி நண்பனின் சந்தேகத்துக்குப் பதில் சொல்லவேண்டும். ஆமாம், ஓனர்தான். பத்திரிகை அவருடையது. போட்டி நடத்துவதும் அவர், அதைப் பற்றி எழுதுவதும் அவர். மைதானம் கேட்பதும் அவர், அது நிறைந்தால் விற்பனை ஏறுவதும் அவருடைய பத்திரிகைக்கு. இன்றைய இதழியல் வகுப்பில் இதை நலமுரண் என்பார்கள். அப்படிப்பட்டவர் எழுதிய வரலாற்றை எவ்வளவு நம்பலாம்?

*

‘பிரேசில் கால்பந்தில் கறுப்பர்’ புத்தகத்தை எடுத்தால் இரண்டே நாளில் முடித்துவிடலாம். அவ்வளவு கதை. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888ல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கால்பந்து வந்தது. வந்தவுடனே பணக்கார வெள்ளைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கானது. கறுப்பர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். வேலிக்கு வெளியே இருந்தவன் எப்படி உள்ளே வந்தான், உள்ளே வர என்ன விலை கொடுத்தான் என்பதுதான் புத்தகம்.

மறக்க முடியாத காட்சி மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கார்லோஸ் அல்பெர்த்தோ. கலப்பினத்தவர். அமெரிக்கா கிளப்பிலிருந்து 1914ல் ஃப்ளுமினென்ஸுக்கு வந்தார். ஃப்ளுமினென்ஸ் என்றால் ரியோவின் உச்சாணிக் கொம்பு. மைதானத்துக்குள் இறங்குமுன் முகத்தில் அரிசிப் பவுடர் பூசிக்கொள்வார். பழைய கிளப்பின் ரசிகர்கள் அதைப் பார்த்துவிட்டு, “அரிசிப் பவுடர்! அரிசிப் பவுடர்!” என்று கத்தினார்கள்.

இரண்டாவது, அர்த்தூர் ஃப்ரீடன்ரைக். ஜெர்மன் வம்சாவளி அப்பா, கறுப்பின அம்மா. 1919 தென்னமெரிக்கக் கோப்பையில் உருகுவேக்கு எதிராக வெற்றி கோல் அடித்த நாயகன். அவர் எப்போதும் கடைசியாகத்தான் களத்துக்கு வருவாராம். காரணம், உடைமாற்றும் அறையில் தலைக்கு எண்ணெய்ப் பசை தடவி, சூடான துண்டைச் சுற்றி, சுருட்டை முடியைப் படிய வைத்துக்கொண்டிருப்பார். நாட்டின் முதல் பெரிய நட்சத்திரம் ஆட்டத்துக்கு முன் செய்த கடைசிப் பயிற்சி அது.

மூன்றாவது, வாஸ்கோ ட காமா. போர்ச்சுக்கீசியக் கடைக்காரர்களின் கிளப். கறுப்பர், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர் என்று யாரிடம் ஆட்டம் இருந்ததோ அவர்களைச் சேர்த்துக்கொண்டு 1923ல் ரியோ பட்டத்தை வென்றது. 1924ல் பெரிய கிளப்புகள் தனிச் சங்கம் அமைத்து, வாஸ்கோ பன்னிரண்டு ஆட்டக்காரரை நீக்கினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றன. வாஸ்கோ தலைவர் ஜோசே அகுஸ்தோ ப்ரெஸ்தெஸ் மாட்டோம் என்று எழுதிய கடிதம் இன்றும் அந்தக் கிளப்பின் புனித ஏடு. ஆட்டக்காரன் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் அந்தக் காலத்தின் ஒரு வடிகட்டி. வாஸ்கோ தன் ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. குடும்பப்பெயர் எழுத வராத ஒருவர் எளிதாக எழுத வரும் ‘சில்வா’வைப் பெயராக்கிக்கொண்டார் என்று மாரியோ சொல்கிறார். பந்தை எங்கே வேண்டுமானாலும் அனுப்பத் தெரிந்த கால், தன் பெயரை எழுதத் தெரியாத கை. இனத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லாமலே யாரை வெளியே நிறுத்துவது என்று தெரிந்த சட்டம் அது. இதைப் படிக்கும்போது நமக்கும் சில படிவங்கள் ஞாபகம் வரும்.

அப்புறம் 1933ல் தொழில்முறை ஆட்டம் வருகிறது. டொமிங்கோஸ் ட கியா, லியோனிடாஸ் ட சில்வா. 1938 உலகக் கோப்பையில் லியோனிடாஸ் ஏழு கோல் அடித்துத் தொடரிலேயே முதலிடம். ‘கறுப்பு வைரம்’ என்ற அவர் பட்டப்பெயரில் வந்த சாக்லேட் பிரேசிலில் இன்றும் விற்கிறது. சமூகவியலாளர் கில்பெர்த்தோ ஃப்ரெய்ரே அந்த ஆண்டே கலப்பினத்தின் ஆட்டம் என்று பிரேசில் கால்பந்தைக் கொண்டாடிக் கட்டுரை எழுதினார். மாரியோவின் புத்தகத்துக்கு முன்னுரையும் அவரே. வேலிக்கு வெளியே நின்றவன் நாட்டின் முகமாகிவிட்டான். 1947 பதிப்பு இந்த மகிழ்ச்சியில் முடிகிறது. சுபம்.

*

1998ல் அந்தோனியோ ஜோர்ஜி சோவாரெஸ் என்ற ஆய்வாளர் தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்தச் சுபத்தைக் கலைத்தார். அவர் கேள்வி எளிது. பிரேசில் கால்பந்தில் இனம் பற்றி எழுதும் எல்லாரும் மாரியோவின் கதைகளை அப்படியே ஆதாரமாக எடுத்துத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களே, யாராவது சரிபார்த்தீர்களா? விலக்கல், போராட்டம், வெற்றி என்று ஒரு கட்டுக்கோப்புக்குள் வரலாறு போய் உட்கார்ந்துகொண்டது. பொருந்தாத விஷயம் வெளியே நின்றது. 1924 சண்டையில் இனம் மட்டுமா இருந்தது? அமெச்சூர் விதியும் இருந்தது. வாஸ்கோ ஆட்டக்காரருக்குக் கடையில் வேலை என்று கணக்குக் காட்டி உள்ளுக்குள் காசு கொடுத்தது. அரிசிப் பவுடர் கதைக்கும் மறுதரப்பு உண்டு. கார்லோஸ் அல்பெர்த்தோ பழைய கிளப்பிலேயே சவரத்துக்குப் பின் முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்தான், நிறத்தை மறைக்க அல்ல என்பது ஃப்ளுமினென்ஸ் தரப்பு.

இதற்கு ரொனால்டோ ஹெலாலும் சேசர் கோர்டனும் பதில் எழுதினார்கள். எனக்கு அவர்கள் பதிலில் சத்து இருப்பதாகப் படுகிறது. அமெச்சூர் விதி ஒருபுறம், இனம் மறுபுறம் என்று பிரிக்கவா முடியும்? சம்பளம் வாங்காமல் ஆட வசதியுள்ளவன் யார், இல்லாதவன் யார்? அடிமைமுறை முடிந்து முப்பத்தாறே வருஷமான ஊரில் அந்தக் கேள்விக்கு நிறம் இல்லாமல் இருக்குமா? 1924 விஷயத்தில் நான் மாரியோ கட்சி.

ஆனால் பவுடர் விஷயத்தில் எனக்கு வாய் எழவில்லை. ஏனென்றால் அங்கே நான் என்னைப் பார்த்தேன்.

விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தபோது, மாநில இளையோர் அணிக்குத் தேர்வான ஒரு பையனைப் பற்றி எழுதப் போனேன். கடலோரக் குப்பம். அப்பா மீன்பிடித் தொழிலாளி. நல்ல பையன், நல்ல ஆட்டம். ஒரு மணி நேரம் பேசினோம். திரும்பி வந்து எழுத உட்கார்ந்தால் முதல் வரி தானாக வந்தது: மணலில் வெறுங்காலில் உதைத்துப் பழகிய சிறுவன். வெறுங்கால் என்று அவன் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். குப்பம், கடல், மணல். பிறகு ஷூ எங்கிருந்து வரும்? பக்க ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தலைப்பிலும் ‘வெறுங்கால்’ ஏறியது.

மறுநாள் அவன் அப்பா போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். தயங்கித் தயங்கிப் பேசினார். “நல்லா எழுதியிருக்கீங்க சார். எல்லாரும் காட்டுறாங்க. ஒண்ணே ஒண்ணு சார். ஷூ வாங்கத்தான் சார் நான் மாசாமாசம் சீட்டு கட்டினேன். ஆறு வயசுலேர்ந்து அவன் ஷூ இல்லாம ஆடினதில்ல. வெறுங்கால்னு போட்டுட்டீங்களே.”

நான் திருத்தம் போடுகிறேன் என்று சொன்னேன். ஆசிரியரிடம் போனேன். “இதுக்கெல்லாமா திருத்தம்? பையனுக்கு நல்லதுதானே ஆச்சு” என்றார். உண்மையும்கூட, அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரோ உதவினார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. திருத்தம் வரவில்லை. அந்த மனுஷன் மறுபடி போன் செய்யவும் இல்லை.

ஒரு அப்பா பல வருஷம் கட்டிய சீட்டை ஒரு சொல்லில் அழித்தேன். பொய் சொல்லும் எண்ணத்தோடு செய்யவில்லை. கதைக்கு வெறுங்கால் தேவைப்பட்டது. ஏழை என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குள் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. பையனைத் தூக்கி அதற்குள் வைத்துவிட்டேன்.

*

அதனால் மாரியோவை இரண்டாம் முறை வேறு கண்ணோடு படித்தேன். ஒவ்வொரு காட்சியிலும் ஒரு கேள்வி: இதை யார் சொன்னார்? தான் வாய்மொழியாகவே திரட்டியதையும், தேர்ந்தெடுப்பதில் எந்த வரலாற்றாசிரியருக்கும் குறையாத கவனம் எடுத்ததையும் முன்குறிப்பில் அழுத்திச் சொல்கிறார். நம்புகிறேன். ஆனால் வாய்மொழி என்பது யார் வாய்? கார்லோஸ் அல்பெர்த்தோ காட்சியில் எனக்குள் தங்கியது கேலரியின் கூச்சல்தான். பவுடர் போட்டவர் தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பது தங்கவில்லை. புத்தகம் நெடுகக் கறுப்பு ஆட்டக்காரரை நாம் பார்க்கிறோம், அவரைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறோம். அவரே பேசிக் கேட்பது குறைவு. பெண்கள் பெரும்பாலும் கேலரியில் நல்ல உடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்புதான், 1941ல், பெண்கள் கால்பந்து ஆட அரசாணை தடை போட்டது. 1979 வரை அது நீடித்தது. வேலியைப் பற்றி எழுதியவர் கண்ணில் அந்த வேலி உறுத்தவில்லை.

இன்னொரு பக்கம், கதை சொல்லும் மோகம். ‘அருபின்யாவின் தவளை’ என்று அவருடைய புகழ்பெற்ற கதை ஒன்று. 1937 டிசம்பர், மழை இரவு. வாஸ்கோ அணி வரும் வழியில் விபத்து, தாமதம். எதிரணி அந்தராயி நினைத்திருந்தால் ஆடாமலே வெற்றியை வாங்கியிருக்கலாம். நனைந்துகொண்டே காத்திருந்தது. அந்த நன்றிக்கு வாஸ்கோ பன்னிரண்டு கோல் அடித்தது, பன்னிரண்டுக்கு பூஜ்யம். அந்தராயி ஆட்டக்காரர் அருபின்யா களத்தில் மண்டியிட்டு, பன்னிரண்டு கோலுக்குப் பன்னிரண்டு வருஷம் இவர்களுக்குப் பட்டம் கிடையாது என்று சாபம் விட்டார். வாஸ்கோ மைதானத்தில் ஒரு தவளையைப் புதைத்துவிட்டார் என்றும் பேச்சு. வாஸ்கோக்காரர்கள் புல்தரையைத் தோண்டித் தேடினார்கள். தவளை அகப்படவில்லை. 1945ல் வாஸ்கோ பட்டம் வென்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் சாபம் பலிக்கவில்லை. ஆனாலும் கதை சாகவில்லை. காத்திருந்தவன்மீது பன்னிரண்டு கோல் அடிக்கக்கூடாது என்ற நீதி அதில் இருக்கிறது. தவளை பொய்யானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பவுடரும் வெறுங்காலும் அப்படியல்ல. அவை ஒரு மனிதனின் முகத்தோடும் ஒரு அப்பாவின் சேமிப்போடும் சம்பந்தப்பட்டவை. அளந்து விடுவதில் எனக்கு வருத்தமில்லை. யார் தலையில் அளக்கிறோம் என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

*

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது மாரியோவைத் தட்டி வைக்கும் கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் 1950 ஜூலை 16 இருக்கிறது.

அவர் கேட்டு வாங்கிய மைதானம். காசு கொடுத்து நுழைந்தவர்களே 1,73,850 பேர். மொத்தம் இரண்டு லட்சம் இருக்கும் என்பார்கள். சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. ஃப்ரியாசா முதல் கோல் அடித்தார். ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79வது நிமிடத்தில் கிஜ்ஜியா அடித்தார். உருகுவே 2, பிரேசில் 1.

பழி விழுந்தது கோல்கீப்பர் பர்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜுவெனால் என்று மூன்று பேர்மேல். மூவரும் கறுப்பர். இக்கட்டில் கறுப்பன் நிலைகுலைவான், அவனை நம்பக்கூடாது என்ற பழைய பேச்சு ஒரே ராத்திரியில் திரும்பி வந்தது. பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே முப்பது வருஷம்தான், நான் மட்டும் ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்ற பொருளில் பர்போசா கடைசிக் காலத்தில் சொன்னார். 2000ல் இறந்தார்.

மாரியோவின் சுபமான முடிவு மூன்றே வருஷத்தில், அவர் கட்டச்சொன்ன கட்டடத்திலேயே உடைந்தது. இந்த நிலையில் எழுத்தாளன் என்ன செய்யலாம்? பேசாமல் இருக்கலாம். புத்தகம் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் 1964ல் இரண்டாம் பதிப்பு போட்டபோது முடித்த புத்தகத்தை மறுபடி திறந்து இரண்டு அத்தியாயங்கள் சேர்த்தார். முதலாவதன் தலைப்பை ‘கறுப்பனின் சோதனை’ என்று சொல்லலாம். தோல்விக்குப்பின் பர்போசாவும் பிகோடேயும் என்ன ஆனார்கள், தீர்ந்துவிட்டதாக நினைத்த இனவெறுப்பு எங்கே பதுங்கியிருந்தது என்பதை எழுதினார். ஊர் மறக்க நினைத்ததை, மறக்கவிடாமல்.

இந்த மனமாற்றமும் முழுமையானது என்று நான் சொல்லமாட்டேன். கடைசி அத்தியாயத்தில் பெலே வந்துவிடுகிறார். 1958ல் கோப்பை. கறுப்பாக இருப்பதில் கூச்சமே இல்லாத, தலைமுடியைப் படிய வைக்கத் தேவையில்லாத நாயகன். ஃப்ரீடன்ரைக்கில் தொடங்கிய கதை பெலேயில் நிறைவடைகிறது. மறுபடியும் சுபம். கதைசொல்லியின் கை சும்மா இருக்காது. ஒரு நாயகனின் விடுதலையை ஒரு மக்களின் விடுதலையாகக் காட்டும் பழைய வித்தை அது. சோவாரெஸின் விமர்சனம் இங்கே இன்னும் செல்லும்.

ஆனாலும் எனக்கு அந்த இடைப்பட்ட அத்தியாயம் போதும். சுபத்துக்கும் சுபத்துக்கும் நடுவே அது ஆறாத புண்ணாகவே நிற்கிறது. பெலே வந்தும் அது மூடவில்லை. மாரியோவை வரலாற்றாசிரியராக எடுத்துக்கொண்டால் நாலு இடத்தில் சரிபார்த்துத்தான் நம்பவேண்டும். நாவலாசிரியராக எடுத்துக்கொண்டால் அவர் காட்சிகள் அபாரமானவை, மனிதர்களுக்கு உள்குரல் குறைவு. பத்திரிகைக்காரராக எடுத்துக்கொண்டால் அவர் செய்த பெரிய காரியம் மைதானம் அல்ல. பதினேழு வருஷம் கழித்தாவது, நான் முடித்த இடத்தில் கதை முடியவில்லை என்று அதே புத்தகத்திலேயே அச்சேற்றியது.

*

2021ல் ரியோ மாநில சட்டமன்றம் மரக்கானாவின் பெயரை மாற்றி பெலே பெயரை வைக்க வாக்களித்தது. எதிர்ப்பு கிளம்பியது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. பத்திரிகையாளர் பெயர் அப்படியே இருக்கிறது. பெலேயின் பெயருக்கு மைதானம் தேவையில்லை என்பது என் எண்ணம். உண்மையில் யார் பெயரை வைக்கலாம் என்று என்னைக் கேட்டால் பர்போசா என்பேன். யாரும் கேட்கப்போவதில்லை.

அந்த மைதானத்தில் ஃப்ளுமினென்ஸ் அணி நுழையும்போது ரசிகர்கள் வெள்ளைப் பவுடரை மூட்டை மூட்டையாக அள்ளி வீசுகிறார்கள். கேலரி முழுக்கப் புகைமண்டலம். ஒரு மனிதரைக் கேலி செய்து கத்திய ‘அரிசிப் பவுடர்’ இன்று அந்தக் கிளப்பின் செல்லப்பெயர். வீடியோவில் அதைப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் புகைக்குள் கார்லோஸ் அல்பெர்த்தோவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தேடுவேன். தெரியாது.

மாரியோவுக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று. எனக்கு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. என்னிடம் பத்திரிகை இல்லை, இரண்டாம் பதிப்பும் இல்லை. இந்தக் கட்டுரைதான் இருக்கிறது. எனவே இங்கேயே போட்டுவிடுகிறேன்.

திருத்தம்: அந்தப் பையன் ஷூ போட்டுத்தான் ஆடினான். அவன் அப்பா சீட்டு கட்டி வாங்கிக்கொடுத்தது.